கான்கிரீட் விரிசலின் ஒலி உமிழ்வைக் கணினியில் மாதிரியாக்குதல்: கண்ணியை மாற்றினால் அலையின் வீச்சும் மாறுகிறது

கல்தூண் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை ஆய்வுக்காக, கான்கிரீட் பீம் விரிசல் விடும்போது எழும் ஒலி உமிழ்வைக் கணினி மாதிரியில் வருவிக்க முயன்று வருகிறேன். சோதனை வழக்கமானதுதான். 100 மி.மீ. அகலமும் 100 மி.மீ. உயரமும் 500 மி.மீ. நீளமும் கொண்ட பீமின் நடுவில், அடிப்பக்கத்தில் ஒரு வாள்வெட்டு இட்டு, மூன்று புள்ளி வளைவுச் சோதனையில் மெதுவாகச் சுமை ஏற்றுகிறோம். ஜல்லி 20 மி.மீ. அளவுடையது. பீமின் பக்கங்களில் கிரீஸ் தடவிப் பொருத்திய, அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் ஆறு பீசோ உணரிகள் உள்ளன. அவை 150 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்பவை.

மாதிரி எக்ஸ்ப்ளிசிட் ஃபைனைட் எலிமெண்ட் முறையில் அமைந்தது; அதாவது பீமை எலிமெண்ட் எனும் சிறு கட்டங்களாகப் பிரித்து, மிகச் சிறிய காலப்படிகளில் அசைவைக் கணக்கிடும் முறை. கான்கிரீட்டை எங்கும் ஒரே தன்மையுள்ள மீள்பொருளாக எடுத்துக்கொண்டு, ஓர் எலிமெண்ட்டில் இழுவிசைத் தகைவு 3 மெகாபாஸ்கலை எட்டியதும் அதை நீக்கிவிடுமாறு அமைத்திருக்கிறேன். கண்ணி, அதாவது எலிமெண்ட்டுகளின் வலை, 5 மி.மீ. அளவுடையது. எலிமெண்ட் நீங்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அலை கிளம்பி உணரி இருக்கும் இடத்தை அடைவது திரையில் அழகாகவே தெரிகிறது. ஆனால் கண்ணியை 2.5 மி.மீ. ஆக்கினால் அலையின் வீச்சு, அதிர்வெண் இரண்டுமே மாறிவிடுகின்றன, மேலும் நுண்ணியதாக்கினால் மறுபடியும் மாறுகின்றன, எங்கும் நிலைப்படவில்லை. வடிகட்டியைப் பயன்படுத்தினால் வேறுபாடு மறைகிறது என்றாலும், எந்த அதிர்வெண்ணில் வெட்டுவது என்பது என் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

நான் கேட்க விரும்புபவை இவை. விரிசலின் ஒலிக்கு எலிமெண்ட்டை நீக்குவது சரியான மூலமாகுமா? சோதனை பல நிமிடங்கள் நடக்கிறது, மாதிரியோ சில மில்லிவினாடிகளுக்கே ஓடுகிறது. இரண்டையும் எவ்வாறு இணைப்பது? மாதிரி தருவது இடப்பெயர்ச்சியோ முடுக்கமோ, உணரி தருவது வோல்ட். அவற்றை எந்த அடிப்படையில் ஒப்பிடுவது?

அலைமுகம்

முதல் கேள்விக்கு விடை: ஆகாது. காரணத்தை உங்கள் எண்களைக் கொண்டே பார்க்கலாம். யங் குணகம் (பொருளின் விறைப்பு) 30 கிகாபாஸ்கல் என்று கொண்டால், 3 மெகாபாஸ்கல் தகைவில் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் சேர்ந்திருக்கும் மீள் ஆற்றல் 150 ஜூல். 5 மி.மீ. எலிமெண்ட் ஒன்றில் அது 0.02 மில்லிஜூலுக்கும் சற்றுக் குறைவு. கான்கிரீட்டின் முறிவு ஆற்றலோ ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 ஜூல். அதன்படி 5 மி.மீ.க்கு 5 மி.மீ. பரப்பைப் பிளப்பதற்கு 2.5 மில்லிஜூல் செலவாக வேண்டும். உங்கள் மாதிரி அதில் நூற்றில் ஒரு பங்கைக்கூடச் செலவிடாமல் பிளந்துகொண்டு போகிறது. கண்ணியைப் பாதியாக்கும்போது எலிமெண்ட்டின் கனஅளவு எட்டில் ஒன்றாகவும், பிளக்க வேண்டிய பரப்பு நான்கில் ஒன்றாகவும் குறைவதால், இந்தப் பற்றாக்குறை இன்னும் இரு மடங்காகிறது. பிளப்பதில் செலவாகியிருக்க வேண்டிய ஆற்றல் அலையாகக் கிளம்புகிறது. போதாக்குறைக்கு, எலிமெண்ட் தாங்கியிருந்த விசை ஒரே காலப்படியில் சுழியாவதால், கண்ணி தாங்கக்கூடிய உச்ச அதிர்வெண் வரை எல்லாமே கிளறப்படுகின்றன. நீங்கள் கேட்பது கண்ணியின் ஒலி. கான்கிரீட்டின் ஒலி அன்று.

இதற்குப் பாடநூல் கூறும் தீர்வு, 1976இல் ஹில்லர்போர்க் குழுவினர் முன்வைத்த கற்பித விரிசல் மாதிரியோ, 1983இல் பஜாந்தும் ஓவும் முன்வைத்த விரிசல் பட்டை மாதிரியோ ஆகும். இரண்டிலும் தகைவு உடனே சுழியாகாமல், விரிசல் திறக்கத் திறக்கப் படிப்படியாகக் குறைகிறது. செலவாகும் ஆற்றல் கண்ணியின் அளவைச் சார்ந்திருப்பதில்லை. ஆனால் அந்தத் தீர்வை உங்கள் பீமில் செயல்படுத்தினால் வேறொரு வியப்பு காத்திருக்கிறது. யங் குணகத்தை முறிவு ஆற்றலால் பெருக்கி, இழுவை வலிமையின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் நீளம் உங்கள் கான்கிரீட்டுக்கு 330 மி.மீ.க்கும் அதிகம். பீமின் உயரமோ 100 மி.மீ. மட்டுமே. இவ்வளவு சிறிய பீமில், இடப்பெயர்ச்சியைக் கட்டுப்படுத்திச் சுமை ஏற்றினால், ஒருபடித்தான மாதிரியில் விரிசல் நிதானமாக, தாவல் ஏதுமின்றி வளரும். அதாவது, கணக்கைச் சரியாகச் செய்தால் மாதிரி ஒலியே எழுப்பாது. சோதனைக்கூடத்தில் நீங்கள் பதிவு செய்யும் ஒவ்வொரு துடிப்பும் ஜல்லிக்கும் சாந்துக்கும் இடையிலான பிணைப்பு விடுவது போன்ற, மில்லிமீட்டர் அளவில் நிகழும் சிறு முறிவிலிருந்து வருவது. கான்கிரீட்டை ஒரே பொருளாகப் பரப்பிவிட்ட மாதிரியில் அந்த நிகழ்வுக்கு இடமே இல்லை.

ஆகையால் விரிசல் வளர்ச்சியையும் அலையையும் ஒரே கணக்கில் பிடிக்க முயல வேண்டாம் என்பதே என் பரிந்துரை. நிலநடுக்கவியலார் செய்வதுபோல, மூலத்தை ஒரு மொமென்ட் டென்சராக, அதாவது முறிவு எத்திசையில் எவ்வளவு வலிமையாகத் தள்ளுகிறது என்பதைக் கூறும் எண்தொகுதியாகக் கொடுங்கள். பாதையைக் கிரீன் சார்பாக, அதாவது மூலத்தில் கொடுக்கும் ஒரு துடிப்பு உணரியில் எப்படித் தெரியும் என்பதாகக் கணக்கிடுங்கள். பிறகு உணரிக்குப் போகலாம். தன் தளத்துக்குச் செங்குத்தாகத் திறக்கும் விரிசலின் மொமென்ட் டென்சரில் மூன்று மூலைவிட்ட உறுப்புகள் மட்டுமே உண்டு. அவற்றின் விகிதத்தைப் பாய்சான் விகிதம் (ஒரு திசையில் இழுத்தால் பக்கவாட்டில் எவ்வளவு சுருங்கும் என்பது) தீர்மானிக்கிறது. கான்கிரீட்டுக்கு அது 0.2 எனில், விரிசலின் தளத்திலுள்ள இரு திசைகளிலும் 1, செங்குத்துத் திசையில் 4. வழுக்கும் விரிசலுக்கு மூலைவிட்டக் கூட்டுத்தொகை சுழி. முதல் அசைவு எல்லா உணரிகளிலும் வெளிநோக்கி இருந்தால் அது திறப்பு என்றும், சிலவற்றில் வெளிநோக்கியும் சிலவற்றில் உள்நோக்கியும் இருந்தால் வழுக்கல் என்றும் முதற்பார்வையில் பிரிக்க இது போதும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். ஜல்லியின் முகத்தில் 5 மி.மீ. ஆரமுள்ள வட்ட விரிசல் ஒன்று 3 மெகாபாஸ்கல் தகைவின் கீழ்த் திறக்கிறது என்க. அது திறந்துகொள்ளும் கனஅளவு 0.064 கன மி.மீ. செங்குத்துத் திசை மொமென்ட் ஏறக்குறைய 2.1 நியூட்டன் மீட்டர். நெட்டலையின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 3,730 மீட்டர், குறுக்கலையின் வேகம் 2,280 மீட்டர், பரப்பலையின் வேகம் 2,080 மீட்டர். திறப்பு வகை விரிசலின் முனை பரப்பலையின் வேகத்தைத் தாண்ட முடியாது. நடைமுறையில் அதற்கு வெகு கீழேயே நின்றுவிடுகிறது. ஃபைன்பெர்க் குழுவினர் 1991இல் அக்ரிலிக் தகடுகளில் செய்த சோதனையில், பரப்பலை வேகத்தின் 0.36 மடங்கைக் கடந்ததும் விரிசல் நிலைகுலைந்து முகம் கரடுமுரடானது. நாம் வினாடிக்கு 1,000 மீட்டர் என்று வைத்தால், திறப்பு 5 மைக்ரோவினாடியில் முடிகிறது. 10 செ.மீ. தொலைவில், விரிசலுக்கு நேர் செங்குத்தான திசையில், நெட்டலையின் இடப்பெயர்ச்சி 2.7 நானோமீட்டர் வருகிறது. கட்டற்ற பரப்பில் அது ஏறக்குறைய இரட்டிக்கும். உங்கள் மாதிரியின் இடப்பெயர்ச்சி மைக்ரோமீட்டர் கணக்கில் வந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

கணுக்கோவை

மேலே சொன்ன மூலத்தைக் கண்ணியில் எப்படி இடுவது, எத்தனை நுணுக்கமாக இடுவது என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

உணரியின் 150 கிலோஹெர்ட்ஸில் குறுக்கலையின் நீளம் 15 மி.மீ., பரப்பலையின் நீளம் 14 மி.மீ. நேரியல் எலிமெண்ட்டுகள் என்றால் ஓர் அலைநீளத்துக்குப் பத்தாவது தேவை என்பது நடைமுறை விதி. எனவே கண்ணி 1.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. உங்கள் பீமுக்கு ஏறக்குறைய 15 லட்சம் எலிமெண்ட்டுகள் வரும். நிலைத்தன்மைக்கான காலப்படி 0.2 மைக்ரோவினாடி, ஒரு மில்லிவினாடிக்கு 5,000 படிகள். இன்றைய மேசைக் கணினிக்கு இது பெரிய சுமையன்று. நீங்கள் தொடங்கிய 5 மி.மீ. கண்ணியில் பரப்பலைக்கு மூன்று எலிமெண்ட்டுகூடக் கிடைக்கவில்லை என்பதால், மூலம் சரியாக இருந்திருந்தாலும் பாதை பிழையாகவே இருந்திருக்கும்.

நிமிடங்களுக்கும் மில்லிவினாடிகளுக்கும் இடையிலான இடைவெளி, பார்க்கத் தோன்றுமளவு பெரிய சிக்கல் அன்று. விரிசலுக்கு வெளியே பொருள் நேரியலாகவே நடந்துகொள்கிறது என்றால், நிலையான சுமைப் புலமும் அலைப் புலமும் தனித்தனியே கூட்டத்தக்கவை. ஆகவே நிலைச்சுமைக் கணக்கை, பெரிய படிகளில் சமநிலையைத் தீர்க்கும் இம்ப்ளிசிட் முறையில் தனியே ஓட்டி, விரிசல் தோன்றும் இடத்தில் தகைவு எவ்வளவு, எத்திசையில் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னர் சுமையே இல்லாத பீமில் மொமென்ட் டென்சரை இட்டு அலையை மட்டும் கணக்கிடுங்கள். நிமிடக்கணக்கான சோதனையை எக்ஸ்ப்ளிசிட் முறையிலேயே ஓட்டிவிடலாம் என்று எண்ணி மாஸ் ஸ்கேலிங்கை இயக்கிவிடாதீர்கள். அடர்த்தியைச் செயற்கையாகக் கூட்டினால் அலையின் வேகம் குறைகிறது. வந்துசேரும் நேரம், அலைநீளம், எதிரொளிப்பு எல்லாமே பொய்யாகும். அதுபோலவே, பல மென்பொருள்கள் இயல்பாக வைத்திருக்கும் செயற்கைப் பாகுமை உயர் அதிர்வெண்ணைச் சத்தமின்றி விழுங்கிவிடும். எவ்வளவு வைக்கப்பட்டுள்ளது என்று பார்த்துக் குறையுங்கள்.

மொமென்ட் டென்சரை எலிமெண்ட்டுக்குள் எதிரெதிர் விசைச் சோடிகளாகப் பிரித்து இடலாம். விசை எழும் வடிவம் படியாக இல்லாமல், 5 மைக்ரோவினாடியில் மென்மையாக உயர்ந்து நிலைக்கும் வளைவாக இருக்கட்டும். அப்போது உயர்நிலை அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது விரிசலின் கால அளவே தவிர, கண்ணியின் அளவு ஆகாது. கண்ணியை மேலும் நுண்ணியதாக்கினாலும் விடை நிலைப்படும். நீங்கள் வடிகட்டியை நாட வேண்டிய தேவையே எழாது.

இன்னொன்று பலருக்கும் தெரிவதில்லை. விரிசல் எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியாததால், வாள்வெட்டுக்கு மேலுள்ள நூற்றுக்கணக்கான புள்ளிகளில் ஒவ்வொன்றாக மூலத்தை வைத்து ஓட்ட வேண்டும் என்று நினைப்போம். தேவையில்லை. மூலமும் உணரியும் இடம் மாறினாலும் விடை மாறாது என்னும் மீள்பொருளின் பரிமாற்றப் பண்பைப் பயன்படுத்தி, உணரி இருக்கும் இடத்தில் பரப்புக்குச் செங்குத்தாக ஓரலகு விசைத் துடிப்பைக் கொடுத்து, விரிசல் வரக்கூடிய எல்லாப் புள்ளிகளிலும் திரிபைப் பதிவு செய்யுங்கள். அந்தத் திரிபையும் மொமென்ட் டென்சரையும் உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டினால், அந்தப் புள்ளியில் விரிசல் நேர்ந்தால் அந்த உணரியில் தோன்றும் இடப்பெயர்ச்சி கிடைத்துவிடும். ஆறு உணரிகளுக்கு ஆறே ஓட்டங்கள்.

விடையைச் சரிபார்க்க 1904இல் ஹோரஸ் லாம்ப் தீர்த்த கணக்கு இருக்கிறது: எல்லையற்ற பொருளின் தட்டைப் பரப்பில் ஒரு புள்ளிவிசை செயல்பட்டால் பரப்பு எப்படி அசையும் என்பது. பீமின் மறுபக்கத்திலிருந்து எதிரொளிப்பு வந்துசேரும் வரையிலான சில பத்து மைக்ரோவினாடிகளுக்கு உங்கள் மாதிரி அதனோடு பொருந்த வேண்டும். அது பொருந்தாத வரை விரிசலைப் பற்றிப் பேச வேண்டாம்.

சாந்துக்கரண்டி

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. உண்மையில் கணினிக்கும் சோதனைக்கும் இடையே பெரும்பாலான சண்டை அங்கேதான் நடக்கிறது.

ஒத்ததிர்வு உணரி இடப்பெயர்ச்சியை அளப்பதில்லை, முடுக்கத்தையும் அளப்பதில்லை. அதன் வெளியீட்டில் பாதிக்கு மேல் அதன் சொந்த அதிர்வு. தவிர, 150 கிலோஹெர்ட்ஸ் வகை உணரிகளில் பெரிதும் பயன்படும் ஒன்றின் முக விட்டம் 19 மி.மீ. பரப்பலையின் நீளமோ 14 மி.மீ. முகத்தின் ஒரு பகுதி மேலே எழும்போது இன்னொரு பகுதி கீழே இறங்குவதால், ஓரமாக ஊர்ந்து வரும் பரப்பலையின் பெரும்பகுதி தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. உள்ளிருந்து நேராக மோதும் நெட்டலைக்கு அந்த இழப்பு இல்லை. எனவே மாதிரியில் ஒரே கணுவைப் படித்தால் போதாது. உணரி முகம் மூடும் எல்லாக் கணுக்களின் செங்குத்து இடப்பெயர்ச்சியையும் சராசரி எடுத்த பிறகே ஒப்பிட வேண்டும்.

அளவுத்திருத்தத்துக்கு மெக்கானிக்கல் பென்சிலைவிட மலிவான கருவி கிடையாது. 0.5 மி.மீ. தடிமனும் 2எச் கடினத்தன்மையும் உள்ள பென்சில் முனையை 3 மி.மீ. நீட்டி, சாய்வாக அழுத்தி ஒடிப்பதை ஹ்சு-நீல்சன் மூலம் என்பார்கள். முனை ஒடியும்போது, பரப்பை அழுத்திக்கொண்டிருந்த ஏறக்குறைய ஒரு நியூட்டன் விசை ஒன்றிரண்டு மைக்ரோவினாடியில் விடுபடுகிறது. எல்லா முறையும் ஒரே சாய்வில் ஒடிவதற்கு, பென்சில் நுனியில் மாட்டும் சிறிய டெஃப்லான் வளையம் ஒன்று உண்டு, அதைத் தவிர்க்காதீர்கள். அந்த வளையம் இல்லாமல் கையால் ஒடித்தால், ஒடியும் முன்பே முனை வழுக்கி, ஒன்றுக்குப் பதில் இரண்டு துடிப்புகள் பதிவாவதைத் திரையிலேயே பார்க்கலாம். பென்சில் ஒடிப்பை மாதிரியிலும் அதே புள்ளியில் ஒரு நியூட்டன் படியாகக் கொடுத்து, உணரி முகத்தின் சராசரி இடப்பெயர்ச்சியைக் கணக்கிடுங்கள். அளந்த வோல்ட்டின் அதிர்வெண் நிறமாலையை அந்த இடப்பெயர்ச்சியின் நிறமாலையால் வகுத்தால், அந்த உணரி, அந்தக் கிரீஸ், அந்தப் பீம் மூன்றுக்கும் உரிய மறுமொழி ஒரே சேரக் கிடைக்கும். தயாரிப்பாளர் தரும் அளவுத்திருத்தத் தாளைவிட இது நம்பத்தக்கது; ஏனெனில் அந்தத் தாள் உங்கள் கான்கிரீட்டின் மேல் எடுக்கப்பட்டதன்று. முடிந்தால் பென்சில் ஒடிப்பை உணரிக்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் செய்யுங்கள். அப்போது நெட்டலை நேராக வந்து மோதுவதால், உள்விரிசலுக்கு நெருக்கமான நிலை அமையும்.

அலைவடிவத்தை முழுதுமாகப் பொருத்த முயன்று நேரத்தைச் செலவிட வேண்டாம். 150 கிலோஹெர்ட்ஸில் குறுக்கலையின் நீளம் ஜல்லியைவிடச் சிறியது என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு ஜல்லியும் அலையைச் சிதறடிக்கிறது. எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் அலையின் வாலிலுள்ள (பின்பகுதியிலுள்ள) ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் மாதிரியில் வருவிக்க இயலாது. முதல் அரைச் சுற்றின் திசையையும் வீச்சையும் பொருத்துங்கள். வாலில், உறையின் (வீச்சின் வெளிக்கோட்டின்) தேய்வு வேகத்தை மட்டும் பொருத்தி, தணிப்பை அதிலிருந்து எடுங்கள்.

தாங்கு உருளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுமை ஏறத் தொடங்கியதுமே பதிவாகும் துடிப்புகளில் பல, உருளை கான்கிரீட்டை நசுக்கும் ஒலி. இடையில் மெல்லிய டெஃப்லான் தாள் வைத்து, உருளைகளின் அருகில் காவல் உணரி ஒன்றையும் பொருத்தினால், அங்கே முதலில் வந்துசேரும் எதையும் கழித்துவிடலாம். சுமையை ஒருமுறை இறக்கி மீண்டும் ஏற்றிப் பார்ப்பதும் உதவும். 1950இல் மியூனிக்கில் யோசப் கைசர் தம் முனைவர் பட்ட ஆய்வில் கண்டபடி, முந்தைய உச்சச் சுமையைத் தாண்டும் வரை பொருள் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அந்த இடைவெளியிலும் ஒலி வந்துகொண்டே இருந்தால் அது உராய்வாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பாறைமடிப்பு

அலைமுகம் அவர்களின் கணக்கில் குறை காண்பதற்கில்லை. ஆனால் பரிந்துரையோடு முழுதாக உடன்பட இயலவில்லை. மூலத்தை நாமே எழுதிக் கொடுத்துவிட்டால், மாதிரி நமக்குப் புதிதாக எதைச் சொல்லும்? எப்போது, எங்கே, எவ்வளவு பெரிய முறிவு நிகழும் என்பதைத்தானே ஒலி உமிழ்வு ஆய்வில் தெரிந்துகொள்ள விரும்புகிறோம்? கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்படும் முன் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தை எட்டியிருந்தன. அங்கே பாறை வெடிப்பை எதிர்நோக்கியவர்களுக்கு, தனியொரு துடிப்பின் வடிவத்தைவிடத் துடிப்புகளின் வரிசையே முக்கியமாக இருந்திருக்கும். பீமிலும் அது பொருந்தும்.

ஒருபடித்தான மாதிரி ஒலிக்காது என்றால், அந்த ஒருபடித்தன்மையை உடையுங்கள். ஜல்லி, சாந்து, இரண்டுக்கும் இடையிலான வலுக்குறைந்த படலம் என மூன்றையும் தனித்தனியே வைத்து, சிறு கம்பிகளின் வலையாக அமையும் லாட்டிஸ் முறையிலோ, ஒட்டிய துகள்களின் திரளாக அமையும் பிணைத்த துகள் முறையிலோ அமைக்கலாம். பின்னதைப் பொட்யாண்டியும் கண்டாலும் 2004இல் விரிவாக விளக்கினர். அதற்கு முன்பே, 2000இல், ஹேஸர்டும் யங்கும் அத்தகைய மாதிரியில் ஒலி உமிழ்வை வருவித்துக் காட்டினர். ஒரு பிணைப்பு அறுந்ததும் அதைச் சுற்றியுள்ள துகள்களின் விசைமாற்றங்களைக் கூட்டினால் மொமென்ட் டென்சர் தானாகவே கிடைக்கிறது. நாம் எழுதித் தர வேண்டியதில்லை. இடத்தாலும் காலத்தாலும் நெருங்கிய அறுபடல்களை ஒரே நிகழ்வாகச் சேர்க்கும்போது, பெரிதும் சிறிதுமான நிகழ்வுகள் உருவாகின்றன.

இதில் ஒரு கண்ணி வெடி உண்டு. இத்தகைய மென்பொருள்களில் துகளின் இயக்கத்தைத் தணிக்க 0.7 என்ற மதிப்பு இயல்பாக அமைந்திருக்கும். நிலைச்சுமைக் கணக்குக்கு அது ஏற்றது, அலைக்கு எமன். அதை வெகுவாகக் குறைத்த பிறகே ஒலியைப் பற்றிப் பேச முடியும்.

பிறகு ஒப்பிட வேண்டியது பரவல். எத்தனை பெரிய நிகழ்வுக்கு எத்தனை சிறிய நிகழ்வு என்பது நிலநடுக்கங்களுக்குரிய குட்டன்பெர்க்-ரிக்டர் விதியைப் பின்பற்றுகிறது என்பதை மோகி 1962இலும் ஷோல்ஸ் 1968இலும் ஆய்வுக்கூடப் பாறைகளில் காட்டினர். நிகழ்வுகளின் எண்ணிக்கையை மடக்கை அளவில் வரைந்தால் கிடைக்கும் நேர்கோட்டின் சரிவு, தகைவு ஏற ஏறக் குறைகிறது. வீச்சை டெசிபலில் பதிவு செய்வதால், வரைபடத்தில் கிடைக்கும் சரிவை 20ஆல் பெருக்கினால்தான் நிலநடுக்கவியலாரின் எண்ணோடு ஒப்பிட முடியும். இதை மறந்த கட்டுரைகள் இன்றும் வருகின்றன. இந்த விதி எவ்வளவு சிறிய அளவு வரை செல்கிறது என்பதற்கு ஓர் இனிய சான்று உண்டு. இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில், அண்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதாகக் கருதப்படும் கரும்பொருளைத் தேடிய கிரெஸ்ட் குழுவினருக்கு, எதிர்பாராத துடிப்புகள் ஏராளமாகப் பதிவாயின. கருவியின் உணரும் பகுதியான படிகத்தை இறுக்கிப் பிடித்திருந்த சபையர் மணிகள் அழுத்திய இடத்தில் படிகம் மிக நுண்ணிய அளவில் விரிசல் விட்டதே காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்தத் துடிப்புகளின் ஆற்றல் பரவலும் நிலநடுக்கங்களின் பரவலை ஒத்தே இருந்தது.

கல்தூண்

மூவருக்கும், மாறுபட்டுச் சொன்னவருக்கும் நன்றி. ஆறு உணரிகளுக்கும் பரிமாற்றப் பண்பின்படி கிரீன் சார்புகளைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, முதலில் பென்சில் ஒடிப்போடு பொருத்திப் பார்க்கப் போகிறேன். ஜல்லியைத் தனியே வைக்கும் மாதிரியை அதன் பிறகு, சிறு பகுதிக்கு மட்டும் செய்வதாக எண்ணம்.

இன்னும் ஓர் ஐயம். எங்கள் துறையில் வந்த பல ஆய்வேடுகளில், எல்லாத் துடிப்புகளின் ஒலி ஆற்றலையும் கூட்டி, அதை முறிவு ஆற்றலோடு ஒரே வரைபடத்தில் காட்டுகிறார்கள். இரண்டும் ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறுகின்றன. இதே ஒப்பீட்டை மாதிரியிலும் செய்யலாமா? மேலும், ஆறு உணரிகளை வைத்து மொமென்ட் டென்சரைப் பின்னோக்கிக் கணிக்க முடியுமா?

அலைமுகம்

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். மொமென்ட் டென்சரில் தனித்த உறுப்புகள் ஆறு. ஆறு உணரிகளில் முதல் அசைவின் வீச்சை எடுத்தால் சமன்பாடுகளும் ஆறு. ஜப்பானிய ஆய்வாளர் ஓட்சு வகுத்த முறை இதைத்தான் செய்கிறது. ஆனால் ஓர் உணரியின் பிடிப்பு தளர்ந்தால் முழு விடையும் சாயும். அதைக் கண்டுபிடிக்கக் கூடுதல் சமன்பாடு ஒன்றுகூட மிச்சமிருக்காது. எட்டு உணரிகளாவது வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைக்காமல், பீமின் முனைகளிலும் இரண்டைப் பொருத்தினால், விரிசலின் தளத்துக்குச் செங்குத்தான திசையும் பதிவாகும். நான்கு பங்கு வலிமை அந்தத் திசையில்தான் போகிறது. தொலைவு கூடுவதால் வீச்சு குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஆற்றல் ஒப்பீட்டில்தான் எச்சரிக்கை தேவை. முன்பு கணக்கிட்ட அதே வட்ட விரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். அது திறக்கும்போது விடுபடும் ஆற்றல் மொத்தமே ஏறக்குறைய 0.1 மில்லிஜூல். அதே பரப்புக்கு, சதுர மீட்டருக்கு 100 ஜூல் என்ற கணக்கில், முறிவு ஆற்றல் 7.9 மில்லிஜூல். எண்பதில் ஒரு பங்கு. எனவே நாம் அளக்கும் முறிவு ஆற்றலின் பெரும்பகுதி இத்தகைய திடீர்த் திறப்புகளில் செலவாவதில்லை. பிளவின் இரு முகங்களும் ஒன்றையொன்று கவ்வி உராய்வதிலும், உணரிக்கு எட்டாத நுண்விரிசல்களிலும், மெதுவான இழுபறியிலும் போய்விடுகிறது.

அதைவிட முக்கியமானது கால அளவின் விளைவு. ஒரே மொமென்ட்டை ஒரு விரிசல் இரு மடங்கு நேரத்தில் வெளியிட்டால், அலையின் இடப்பெயர்ச்சி வீச்சு பாதியாகும். கதிர்வீசும் ஆற்றலோ எட்டில் ஒரு பங்காகும், ஏனெனில் அது கால அளவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் செல்கிறது. 5 மைக்ரோவினாடியில் திறந்த விரிசலும் 20 மைக்ரோவினாடியில் திறந்த விரிசலும் ஒரே பரப்பைப் பிளந்திருக்கலாம், ஒரே அளவு முறிவு ஆற்றலைச் செலவிட்டிருக்கலாம். ஆனால் கதிர்வீசிய ஆற்றல் 64 மடங்கு மாறுபடும். உங்கள் உணரி 150 கிலோஹெர்ட்ஸில் மட்டும் கூர்மையாகக் கேட்பதால், மெதுவானதை அது ஏறக்குறைய கேட்கவே கேட்காது. இரு கோடுகளும் சேர்ந்து ஏறுவது, சுமை ஏற ஏற இரண்டுமே கூடும் தொகைகள் என்பதால்தான். சேர்ந்து ஏறுவதைக் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றை அளக்க முடியாது.

பாறைமடிப்பு அவர்கள் சொன்ன மாதிரியின் உண்மையான பயன் எனக்கு இங்கேதான் தெரிகிறது. ஜல்லியைத் தனியே வைத்த சிறு பகுதியில் ஒவ்வொரு பிணைப்பு முறிவும் எத்தனை மைக்ரோவினாடி எடுக்கிறது என்ற பரவலை அதிலிருந்து எடுத்து, அதையே என் முறையில் மூலத்தின் கால அளவாக இடலாம். அந்தப் பரவல் இல்லாமல் 5 மைக்ரோவினாடி என்பது நான் விரிசல் வேகத்தைக் கொண்டு செய்த மதிப்பீடு மட்டுமே.

உங்கள் ஆய்வேட்டில் அந்த வரைபடத்தை வைப்பதானால், ஒலி ஆற்றலுக்குரிய நிமிர் அச்சில் ஜூல் என்று எழுதாதீர்கள். உணரியின் வோல்ட்டை வர்க்கமாக்கிக் காலத்தால் தொகுத்தது என்றே எழுதி, அதனோடு உணரியின் வகையையும் வாசல் அளவையும் (அதற்குக் கீழுள்ள துடிப்பு பதிவாகாத எல்லை) குறிப்பிடுங்கள். 40 டெசிபல் வாசல் என்றால் முன்பெருக்கியின் உள்ளீட்டில் 100 மைக்ரோவோல்ட் என்பதையும் கீழே ஒரு வரியில் சொல்லிவிட்டால், அடுத்து இதே பீமைச் சோதிப்பவர் தம் எண்களை உங்களுடையவற்றோடு நேரடியாக ஒப்பிடலாம்.